மசூதித் தெரு வீடும் பாம்பன் பாலமும்

பேரவை ஆண்டு மலருக்கு நான் எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு அண்ணன் ஒருவர், "டூர் பற்றி எழுது, ஆனா டூர் கட்டுரையா எழுதாதே" என்றார். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எந்தக் கடையில் பரோட்டா சாப்பிட்டோம், வேனில் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதெல்லாம் வேண்டாமாம். சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழ் மண்ணிலே பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவரானவர்கள் மூன்று பேர். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் (1962-67), பட்டுக்கோட்டை பக்கம் ராஜாமடத்தில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன் (1987-92), இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் (2002-07). இந்தப் பதவி உருவாவதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது கவர்னர் ஜெனரல் பதவி. அதில் கடைசியாக இருந்தவர் இராஜாஜி. அவர் பிறந்த ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளி நம்ம பழைய தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அந்தப் பக்கம் போய்விட்டது. தொரப்பள்ளி வீட்டையும் அரசு நினைவு இல்லமாக்கி வைத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு நாங்கள் கடல் வரைக்கும் போனதற்குக் காரணம், மெக்கானிக்கல் படிக்கிற பசங்களுக்கு ஏவுகணை மீது இருக்கிற ஆசை. அவ்வளவுதான்.

இராமேசுவரம் கோயில் நகரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் கொண்ட பிரகாரம், 22 தீர்த்தங்கள், எந்நேரமும் ஈரத்துணியோடு நடக்கிற வடநாட்டு யாத்திரிகர்கள். அந்தக் கூட்டத்திலிருந்து கொஞ்ச தூரம் விலகினால் மசூதித் தெரு வந்துவிடுகிறது. அங்கே இருக்கிற மாடி வீடுதான் கலாம் அவர்களின் வீடு. சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய வீடு என்று அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில் புதுப்பித்திருக்கிறார்கள். மாடியில் காட்சியகம் இருக்கிறது. புகைப்படங்கள், விருதுகள், பட்டங்கள், புத்தகங்கள் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், நின்று நிதானமாகப் படிக்க விடாது. ஒரே கட்டடத்தில் சிப்பிப் பொருட்கள் விற்கிற கடையும் உண்டு. எங்களில் பாதிப் பேர் அங்கேதான் அதிக நேரம் நின்றார்கள்.

அந்த வீட்டில் 1931 அக்டோபர் 15-ல் பிறந்த பையனின் அப்பா ஜைனுலாப்தீன். படகு வைத்திருந்தவர், தெருப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர். அம்மா ஆஷியம்மா. வீட்டில் ஆட்கள் அதிகம், வருமானம் குறைவு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. பத்திரிகைக் கட்டுகளை ஓடுகிற ரயிலிலிருந்து வெளியே வீசுவார்கள். பத்திரிகை ஏஜெண்டாக இருந்த உறவினர் சம்சுதீனுக்கு அந்தக் கட்டுகளைப் பிடித்துக் கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. கலாமின் முதல் சம்பாத்தியம் அப்படி வந்தது.

அந்தப் போர்க்காலத்திலேயே புளியங்கொட்டைக்கு திடீரென்று கிராக்கி வந்ததாம். சிறுவன் கலாம் பொறுக்கிக்கொண்டு போய் மசூதித் தெருக் கடையில் கொடுத்தால் ஒரு நாளைக்கு ஒரு அணா கிடைக்கும். ஏன் அந்தக் கிராக்கி என்று தனக்குப் புரிந்ததே இல்லை என்கிறார். நமக்கு இது புரியாமல் இருக்குமா? தருமபுரிக்காரனுக்குப் புளியங்கொட்டை தெரியாதா! எங்க அம்மா வருஷத்தில் மூணு மாசம் புளி தட்டுகிற வேலைக்குத்தான் போகிறார். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டையைத் தனியாக எடுத்து மூட்டை கட்டுவார்கள். கொட்டையை மில்லுக்கு வாங்கிப் போகிறவர்கள் தனி. அதை வறுத்துத் தோல் நீக்கி அரைத்தால் வருகிற மாவு, நெசவு நூலுக்குக் கஞ்சி போட உதவும். தறியில் ஓடும்போது பாவு நூல் பிசிறாமல், அறுந்து போகாமல் இருக்க அந்தக் கஞ்சி வேண்டும். போரின்போது உணவுத் தானியத்துக்கே தட்டுப்பாடு வந்ததால், மாவுச்சத்துக்குப் பதிலாகப் புளியங்கொட்டைத் தூளை நம் நாட்டு மில்களில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இராமேசுவரத்துச் சிறுவனுக்குக் கிடைத்த ஒரு அணாவுக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவருக்கு ஒரு அணான்னா எனக்கு எத்தனை அணா வந்திருக்கணும், கணக்கு போடு" என்றார்.

இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி, பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். இதையெல்லாம் எல்லாரும் படித்திருப்பீர்கள். நம்மைப் போன்றவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் 1954. குரோம்பேட்டையில் சி.ராஜம் அவர்கள் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி.யில் கலாமுக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்கு சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். அப்பாவிடம் அவ்வளவு பணம் கிடையாது. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். என் சம்பாத்தியத்தில்தான் அதை மீட்பேன் என்று தம்பி மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். காட்சியகம் என்றால் பாரத ரத்னா பதக்கத்தைக் கண்ணாடிக்குள் வைப்பார்கள், அது நியாயம்தான். ஆனால் அந்தப் பதக்கத்துக்கு முந்திய நகை ஒன்று அடகுக் கடை இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அதை யாரும் கண்ணாடிக்குள் வைக்க முடியாது.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். எனக்கு முன்னால் பிறந்த அக்கா பத்தாவதோடு நின்று கம்பெனி வேலைக்குப் போனாள். முதல் செமஸ்டர் கட்டணத்துக்கு அவள் கம்மல்தான் போனது. 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் என் பஸ்ஸுக்கும் டிராயிங் ஷீட்டுக்கும் சரியாகப் போனது. கம்மலுக்கு எட்டவில்லை. நம் வகுப்பில் இந்த வருஷம் இரண்டு பேர் படிப்பை விட்டுவிட்டு ஓசூர் பக்கம் வேலைக்குப் போனார்கள். வீட்டில் கடன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உதவித்தொகை என்கிற கயிறு அறுந்துவிடும் என்ற பயம் எப்படிப்பட்டது என்பதைக் கலாமும் அனுபவித்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்தக் கதை இது. எம்.ஐ.டி.யில் தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்க நாலைந்து மாணவர்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். ஏரோடைனமிக்ஸ் வடிவமைப்பும் வரைபடமும் கலாம் பொறுப்பு. டைரக்டர் பேராசிரியர் சீனிவாசன் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்த்தார். வேலை திருப்தி இல்லை. ஒரு மாதம் அவகாசம் கேட்டார் கலாம். மூன்று நாள்தான் தருவேன், திங்கள் காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார் பேராசிரியர். அன்று இரவு சாப்பாட்டை விட்டுவிட்டு டிராயிங் போர்டு முன் நின்றார் கலாம். மறுநாள் காலையில் ஒரு மணி நேரம்தான் இடைவெளி. ஞாயிறன்று வேலை முடிகிற கட்டத்தில் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. பேராசிரியரேதான். டென்னிஸ் உடையோடு பார்க்க வந்திருந்தார். நெருக்கடி கொடுத்தால் இவன் செய்வானா என்று சோதித்தேன் என்கிற பொருளில் சொல்லி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

இன்ஜினியரிங் டிராயிங் தாளில் இரண்டு தடவை அரியர் வைத்த அண்ணன்கள் இதைக் கேட்டு "அது அந்தக் காலம்" என்றார்கள். இருக்கலாம். எனக்கே ஒரு சந்தேகம் உண்டு, ஒரு மாணவனின் சாப்பாட்டுப் பணத்தை வைத்துச் சோதனை செய்வது சரியா என்று. அந்த மூன்று நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்திருந்தால்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "கலாமும் டிப்ளமோதான்டா" என்று நம் ஹாஸ்டலில் ஒரு வசனம் உண்டு. வார்த்தை உண்மை, விஷயம் வேறு. எம்.ஐ.டி. அன்று கொடுத்தது டி.எம்.ஐ.டி. என்கிற பட்டயம்தான். ஆனால் அது பி.எஸ்சி. முடித்தவர்களுக்கான மூன்று வருடப் படிப்பு. பத்தாவதுக்குப் பிறகு நாம் படிக்கிற டிப்ளமோவோடு அதைச் சேர்த்து வைக்கக் கூடாது. நமக்கு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகிற வழி இருக்கிறது, அது அவருக்கு இல்லாத வழி. அப்படித்தான் ஒப்பிட வேண்டும். விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். 25 பேரில் ஒன்பதாவது இடம், எடுத்தது எட்டு பேரை. 1958-ல் பாதுகாப்புத் துறையில் அடிப்படைச் சம்பளம் 250 ரூபாயில் சேர்ந்தார். அவர் தலைமையில் 1979 ஆகஸ்ட் 10-ல் ஏவிய எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது, 1980 ஜூலை 18-ல் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது.

பேய்க்கரும்பில் இருக்கிற நினைவிடம் வேறு மாதிரி. 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்தவரை, 30-ஆம் தேதி இங்கே அடக்கம் செய்தார்கள். டி.ஆர்.டி.ஓ. கட்டிய மண்டபம் 2017 ஜூலை 27-ல் திறக்கப்பட்டது. முகப்பு இந்தியா கேட் மாதிரி, மேலே குடியரசுத் தலைவர் மாளிகை மாதிரி குவிமாடம். அவர் வாசித்த வீணையும், 2006-ல் சுகோய் விமானத்தில் பறந்தபோது போட்ட ஜி-சூட் உடையும் உள்ளே இருக்கின்றன. அதிவேகத்தில் திரும்பும்போது ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கி மயக்கம் வரும். அதைத் தடுக்கக் காலையும் வயிற்றையும் காற்றால் இறுக்குகிற உடை அது. 74 வயதில் அதைப் போட்டிருக்கிறார்! நினைவிடம் பிரமாண்டம்தான், ஆனால் எனக்கு வீடுதான் பிடித்தது.

இராமேசுவரம் போய்விட்டு பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் எங்க துறை சார் என்னை விடமாட்டார். பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறந்தது, நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். கப்பல் போக நடுவில் ஷெர்சர் தூக்குப் பாலம். இரண்டு இலைகள், இரண்டு பக்கமும் சாய்வு நாற்காலி பின்னால் உருளுகிற மாதிரி வளைந்த அடிப்பாகத்தின் மேல் உருண்டு எழும்பும். வால் பக்கத்தில் எதிர் எடை இருப்பதால் ஆட்கள் கையாலேயே கியரைச் சுற்றித் திறப்பார்கள். ஏற்றம் இறைக்கிற தத்துவம்தான், இரும்பில் செய்தது. 1964 டிசம்பர் 22-23 இரவுப் புயலில் தனுஷ்கோடி ஊரே போனது, ஒரு பயணிகள் ரயில் போனது, பாலத்தில் 126 கர்டர்கள் போயின. தூக்குப் பகுதி தப்பியது. ஆறு மாதக் கெடு வைத்த சீரமைப்பை 46 நாளில் முடித்தவர் இளம் பொறியாளர் இ.ஸ்ரீதரன். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர். அவர் தொடக்கத்தில் கொஞ்ச காலம் கோழிக்கோடு அரசு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர் என்பதையும் நம் ஆட்கள் தெரிந்துகொள்ளட்டும்.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. இதில் இலை கிடையாது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுசும் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே போகும், மோட்டாரால். இங்கேயும் எதிர் எடை உண்டு, மோட்டார் முழு எடையையும் தூக்குவதில்லை. உப்புக் காற்றில் துரு தின்னாமல் இருக்க கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பியும், மேலே விசேஷப் பெயிண்டும் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் போகிற ஜூனியர்களுக்கு: வீட்டைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். நினைவிடத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ரயில் பாலம் நன்றாகத் தெரியும். காற்று அடிக்கும், தொப்பி போட வேண்டாம்.

பேரவைக்கும் ஒரு கோரிக்கை. எம்.ஐ.டி.யில் படிக்கும்போது தமிழ்ச் சங்கப் போட்டியில் நம் விமானத்தை நாமே செய்வோம் என்கிற பொருளில் தமிழில் கட்டுரை எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் கலாம் முதல் பரிசு வாங்கினார். நம் பேரவை கபடிக்கும் கோலத்துக்கும் பரிசு கொடுக்கிறது. தமிழில் தொழில்நுட்பக் கட்டுரைக்கு இதுவரை போட்டியே இல்லை. செயலாளர் அண்ணனிடம் மனு கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு வாருங்கள், தாள் என்னிடம் இருக்கிறது.