மடியை நம்பாதே, மகளே

திண்டிவனம்

அன்புள்ள மலர்விழிக்கு,

பெரியப்பாவின் ஆசி. மாப்பிள்ளை கார் எடுத்திருப்பதாகத் தம்பி சொன்னான். ரொம்ப சந்தோஷம். அடுத்த மாதம் மயிலம் முருகன் கோயிலில் சின்னவனுக்குக் காதுகுத்து. விழுப்புரத்திலிருந்து காரில்தான் வருவீர்கள். அதற்குள் சின்னவனுக்கு ஒரு கார் சீட்டும் பெரியவளுக்கு ஒரு பூஸ்டர் சீட்டும் வேண்டும்.

"மடியில்தானே வைத்திருக்கப் போகிறேன்" என்பாய். கணக்கைப் பார். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் திடீரென்று குறுக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அதில் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், ஒன்பது கிலோ பிள்ளை உன் கையை இழுக்கும் விசை சுமார் 150 கிலோ. இரண்டு நெல் மூட்டையின் பாரம். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. உன் பெல்ட்டுக்குள் அவனையும் சேர்த்துக் கட்டினால், உன் உடம்பே அவனை நசுக்கிவிடும்.

பின்சீட் என்றால் ஆபத்தில்லை என்றும் இருந்துவிடாதே. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தவர்.

சின்னவனின் சீட்டைப் பின்சீட்டில், அவன் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலவீனம். அப்படி உட்கார்ந்தால் மோதலின் அதிர்ச்சியை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் இந்தச் சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகமே உயிருக்கு உலை வைக்கும். மாட்டிய பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தோள்வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக் கூடாது.

பெரியவளுக்கு ஆறு வயது. பெரியவர்களின் பெல்ட் அவளுக்குக் கழுத்திலும் வயிற்றிலும் விழும். மோதினால் குடலையே கிழித்துவிடும். பூஸ்டர் அவளை உயர்த்தி, பெல்ட்டைத் தோள் எலும்பிலும் இடுப்பெலும்பிலும் படிய வைக்கும். நாலே முக்கால் அடி உயரம் வளரும்வரை அது வேண்டும்.

பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம். அபராதம் கிடக்கட்டும். இத்தகைய இருக்கைகள் குழந்தைகளின் விபத்து மரணத்தைக் குறைந்தது 60 விழுக்காடு குறைக்கும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதை நினைத்துப் பார்.

பிள்ளை அழும். "பச்சைப் பிள்ளையைக் கட்டிப் போடுகிறாளே" என்று சம்பந்தியம்மா மனசு கேட்காமல் சொல்வார். கோபப்படாதே. கூட்டேரிப்பட்டில் ஓரமாக நிறுத்து, பால் கொடு, வேடிக்கை காட்டு, மறுபடி உட்காரவை. ஓடுகிற காரில் மட்டும் வாரை அவிழ்க்காதே. நம் வெயிலில் நின்ற கார் என்றால் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டு, இரும்பு சுட்டுவிடும்.

காதுகுத்துக்கு நான் போடவிருந்த மோதிரத்துக்குப் பதிலாக இரண்டு சீட்டுகளும் என் சீராக இருக்கட்டும். பிள்ளைகளின் எடையும் உயரமும் எழுதி அனுப்பு. ஏ.ஐ.எஸ். 072 தரச்சான்று உள்ளதாகப் பார்த்து வாங்குகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா