டிஸ்போசல் ஜீப்: கியர் பாக்ஸையும் ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் பிரித்துக் கட்டுவது எப்படி?

சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் மிலிட்டரி டிஸ்போசல் ஜீப் வாங்குகிறவர்கள் பெயிண்டுக்கும் டயருக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். இரண்டாவது கியர் எகிறத் தொடங்கி, அடியில் ஊளைச் சத்தம் கேட்டு, தரையில் எண்ணெய் சொட்டிய பிறகுதான் குனிந்து பார்க்கிறார்கள். பயப்பட வேண்டாம். நல்ல லேத் பட்டறை ஒன்று பக்கத்தில் இருந்தால், வீட்டு ஷெட்டிலேயே முடிக்கக்கூடிய வேலைதான் இது.

முதலில் வண்டியை அடையாளம் காணுங்கள். 1941 முதல் 1945 வரை வந்த போர்க்கால வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ வண்டிகளில் இருப்பது வார்னர் டி-84 கியர் பாக்ஸ். மஹிந்திரா 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அதன் பிறகு நம்மூரில் பெருகிய சிஜே-3பி வகைகளில் இருப்பது டி-90. இரண்டுக்கும் பின்னால் மாட்டியிருப்பது ஸ்பைசர் 18 ட்ரான்ஸ்ஃபர் கேஸ். வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும், உள்ளே பொருந்தாது. போர்க்கால வண்டியில் லோ விகிதம் 1.97, பிந்தையதில் சுமார் 2.46. இன்டர்மீடியட் ஷாஃப்டும் முக்கால் அங்குலத்தில் தொடங்கி, 1⅛, 1¼ என்று காலப்போக்கில் தடித்துக்கொண்டே போனது. ஆகவே பிரித்து அளக்கும் முன் ஒரு பேரிங்கூட வாங்காதீர்கள். டி-90 சாமான்களைப் புதுப்பேட்டையில் தேடலாம். டி-84க்கு வெளிநாட்டில்தான் சொல்லி வைக்க வேண்டியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாக்ஸைத் திறக்க வேண்டாம். கோவளம் உப்புக் காற்று அடிக்கும் ஊரில், மண்ணெண்ணெயில் கழுவிய கியர் மறுநாளே துரு பிடிக்கும். கழுவிக் காய்ந்ததும் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

இரண்டு பாக்ஸிலும் எண்ணெயை வடியுங்கள். அது டீ நிறத்தில் குழம்பி வந்தால் வெள்ளத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அப்படியானால் எல்லா பேரிங்கையும் மாற்றிவிடுவது நல்லது. பிறகு தரைத் தகடு, இரண்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், கிளட்ச், ஹேண்ட் பிரேக் இணைப்புகள், அடிக் கிராஸ் மெம்பர் என்று வரிசையாகக் கழற்றி, ஜாக்கியில் தாங்கி, இரண்டு பாக்ஸையும் சேர்த்தே பின்னால் இழுத்து இறக்குங்கள். எஞ்சினின் பின்பகுதிக்குத் தனி முட்டு கொடுக்க மறக்க வேண்டாம். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

அடுத்து இரண்டையும் பிரிக்க வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க வட்ட மூடியைத் திறந்தால் மெயின் ஷாஃப்ட் முனையில் ஸ்ப்லிட் பின் போட்ட பெரிய நட் தெரியும். அதையும் வாஷரையும் எடுத்துவிட்டு, கியரை உருவுங்கள். இப்போதே போல்ட்டைக் கழற்றி இழுத்தால் மெயின் ஷாஃப்டும் கூடவே வந்து, கியர் பாக்ஸுக்குள் சிங்க்ரோ சாமான்கள் உதிரும். முதலில் கியர் பாக்ஸின் மேல் மூடியைக் கழற்றி, இரண்டாவது கியருக்குப் பின்னால் மெயின் ஷாஃப்டில் கம்பியைச் சுற்றி முறுக்கி, மூடியின் ஸ்க்ரூ துளைகளில் இழுத்துக் கட்டுங்கள். பிறகு பிரித்தால் ஷாஃப்ட் நகராது.

கியர் பாக்ஸில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பித்தளை சிங்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்பில் வைத்து அழுத்துங்கள். இடைவெளி இல்லாமல் கியர்ப் பல்லோடு ஒட்டி உட்கார்ந்தால் தேய்ந்துவிட்டது. கிளஸ்டர் கியரின் நீள ஆட்டம் 0.012 முதல் 0.018 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் த்ரஸ்ட் வாஷரை மாற்றுங்கள். இரண்டாவது கியர் எகிறுவதற்கு ஷிஃப்ட் ஃபோர்க், ஸ்பிரிங், தேய்ந்த பல் மூன்றையும் சந்தேகப்படுங்கள். முதல் கியருக்குச் சிங்க்ரோவே கிடையாது. ஓடும் வண்டியில் அதைப் போடும்போது கறகறத்தால் பழுதென்று எண்ண வேண்டாம். அது வண்டியின் சுபாவம்.

ஊளைச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் இன்டர்மீடியட் ஷாஃப்ட். அடி மூடியைத் திறந்து, பின்பக்க லாக் பிளேட்டை எடுத்து, பித்தளை ராடால் முன்னிருந்து பின்னாகத் தட்டினால் வெளியே வரும். நீடில் ரோலர் ஓடிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினாலே ஷாஃப்ட், ரோலர், த்ரஸ்ட் வாஷர் எல்லாம் புதிது போட வேண்டும். எமரி பேப்பரால் தேய்த்து மறுபடி மாட்டச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். கேஸில் ஷாஃப்ட் உட்காரும் துளை முட்டை வடிவாகியிருந்தால் புது ஷாஃப்டும் ஒழுகும். லேத்தில் துளையைச் சீராக்கி ஸ்லீவ் அடிப்பதுதான் வழி. செலவு மிச்சம் பிடிப்பதாக இருந்தால் வேறெங்காவது பிடியுங்கள், இங்கே வேண்டாம்.

ஷிஃப்ட் ராடுகளை உருவும்போது துணியால் பொத்திக்கொள்ளுங்கள், ஸ்பிரிங்கும் குண்டும் பறக்கும். இரண்டு ராடுக்கும் நடுவே மாத்திரை போல ஒரு சிறு பின் இருக்கும். முன் அச்சை இணைக்காமல் லோ விழாதபடி தடுப்பது அதுதான். அதை விட்டுவிட்டுப் பூட்டினால் லோவின் முழு விசையும் பின் அச்சு மேலேயே விழும்.

பூட்டும்போது பொறுமை தேவைப்படும் இடம் அவுட்புட் ஷாஃப்ட். டேப்பர் பேரிங்குகளின் நீள ஆட்டம் 0.004 முதல் 0.008 அங்குலம். பின்பக்க பேரிங் மூடிக்கும் கேஸுக்கும் நடுவே உள்ள ஷிம்களே இதைத் தீர்மானிக்கின்றன. ஷிம் கூட்டினால் ஆட்டம் கூடும், குறைத்தால் இறுகும். டயல் கேஜ் வைத்து அளந்து, கழற்றி, மறுபடி அளங்கள். கையால் ஆட்டிப் பார்த்துச் சரி என்று சொல்வது இந்த இடத்தில் செல்லாது. ஆயில் சீல்கள் அனைத்தும் புதிது. சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் கவனியுங்கள்.

எண்ணெய் எஸ்ஏஇ 90, ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5 வேண்டாம், அதிலுள்ள கந்தகக் கலவை பித்தளை ரிங்கை அரிக்கக்கூடும். லெவல் பிளக் வழியே வழியும் வரை இரண்டு பாக்ஸிலும் தனித்தனியாக ஊற்றுங்கள். சில நாள் கழித்து ஒன்றில் குறைந்து மற்றதில் கூடியிருந்தால், இரண்டுக்கும் நடுவே எண்ணெய் கடக்கிறது.

சோதனை ஓட்டத்தைப் பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் வைக்காமல், விடியற்காலையில் உள்சாலையில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கர இணைப்பில் ஓட்ட வேண்டாம்; முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்ளும். மணலில்தான் சோதிக்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுங்கள். வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டுப் பாருங்கள்: மெல்லிய சாம்பல் பசை என்றால் பரவாயில்லை, துணுக்குகள் ஒட்டினால் வண்டியை நிறுத்தி மறுபடி திறக்க வேண்டும்.