சிறுகதையும் சிறு விளக்கும்

சிறுகதை அளவிற் சிறியது. ஆயினும் அதனைக் கற்றல் எளிதன்று. நாவலாசிரியர் பல பக்கங்களில் விரித்துரைப்பதைச் சிறுகதையாசிரியர் ஒரு பொருளிலோ, ஒரு செயலிலோ, பாதியில் நின்றுவிட்ட ஒரு சொல்லிலோ அடக்கிவிடுவார். இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சிறுகதையாசிரியருட் பலர் தாம் கருதிய உண்மையை வெளிப்படையாகக் கூறுவதில்லை. அதனைக் கண்டறிதல் படிப்போர் கடமையாகும். காதரின் மான்ஸ்பீல்டு எழுதிய ‘பொம்மை வீடு’ என்னும் கதை இதற்கு நல்லதொரு சான்று.

மான்ஸ்பீல்டு அம்மையார் 1888ஆம் ஆண்டில் நியூசிலாந்திலுள்ள வெல்லிங்டன் நகரில் பிறந்தார். இளமையிலேயே இங்கிலாந்து சென்று எழுத்துத் துறையில் ஈடுபட்டார். காசநோயால் நலிந்து, 1923ஆம் ஆண்டில் தம் 34ஆம் வயதில் பிரான்சு நாட்டில் மறைந்தார். ‘பொம்மை வீடு’ அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்தது. அதற்கு அவர் தம் பிறந்த நாட்டையே களமாகக் கொண்டார்.

பர்னெல் குடும்பத்துச் சிறுமியர் மூவர்க்கு அழகிய பொம்மை வீடொன்று பரிசாக வருகிறது. மூத்தவளாகிய இஸபெல் பள்ளியில் அதன் சிறப்பைக் கூறி, தோழியரை இருவர் இருவராக அழைத்து வந்து காட்டுகிறாள். அச்சுற்றுப்புறத்தில் பள்ளி ஒன்றே. ஆதலின் நீதிபதியின் மக்களும் பால்காரரின் மக்களும் அங்கே ஒருங்கு பயில்கின்றனர். எனினும் லில், எல்ஸ் என்னும் கெல்வி சகோதரியரை யாவரும் ஒதுக்குகின்றனர். அவர்கள் தாய் வீடு வீடாகச் சென்று துணி வெளுப்பவள். தந்தை சிறையில் இருப்பதாக ஊரார் பேசிக்கொள்வர். ஒருநாள் பர்னெல் சிறுமியருள் இளையவளாகிய கெஸியா, அன்னை மறுத்திருந்தும், அவ்விருவரையும் உள்ளே அழைத்துப் பொம்மை வீட்டைத் திறந்து காட்டுகிறாள். அதனைக் கண்ட சிற்றன்னை பெரில், கோழிகளை ஓட்டுவதுபோல் அவர்களை விரட்டிவிடுகிறாள்.

முதன்முறை படிப்போர் அறிவது இந்நிகழ்ச்சிகளையே. மறுமுறை படிக்கும்போது வினாக்கள் எழுதல் வேண்டும்.

லில்லின் உடை எதனால் ஆயது? பர்னெல் வீட்டு மேசை விரிப்பாலும் பிறிதொரு வீட்டுத் திரைச்சீலையாலும் தைக்கப்பட்டது அது. பழந்துணியை ஈந்த அதே வீடு அச்சிறுமியர்க்கு வாயிலை அடைத்துவிட்டது. ஆசிரியர் இதனைக் கண்டித்து ஒரு சொல்லும் கூறவில்லை. துணியின் வரலாறே அவ்வீட்டாரைக் குற்றம் சாட்டுகிறது.

பெரில் அத்துணைச் சினங்கொண்டது ஏன்? அன்று அவளை அச்சுறுத்தும் கடிதம் ஒன்று வந்திருந்தது. எளியவரை விரட்டிய பின் அவள் நெஞ்சின் சுமை குறைகிறது. தன் அச்சத்தை மறக்க வலியற்றவரை வருத்தும் மனித இயல்பை ஆசிரியர் சில வரிகளிலேயே காட்டிவிடுகிறார்.

இனி விளக்கைக் காண்போம். பொம்மை வீட்டின் உணவறை மேசைமீது சிறு விளக்கு ஒன்று உளது. அங்குள்ள பொம்மை மனிதர் விறைத்துக் கிடக்கின்றனர்; வீட்டின் அளவுக்கும் பொருந்தவில்லை. விளக்கு ஒன்றே மெய்யானதாகக் கெஸியாவுக்குத் தோன்றுகிறது. பள்ளியில் இஸபெல் கம்பளத்தையும் கட்டில்களையும் அடுப்பையும் புகழ்ந்து, விளக்கை மறந்துவிடுகிறாள். கெஸியா நினைவூட்டி, அதுவே யாவற்றினும் சிறந்ததென்கிறாள், எவரும் பொருட்படுத்தவில்லை. கூட்டத்திற்குப் புறத்தே நின்று கெல்வி சகோதரியரும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

பின்னர்க் கெஸியா வீட்டைத் திறந்து அறைகளைச் சுட்டிக்காட்டுகிறாள். விளக்கைப் பற்றி அவள் வாய் திறக்குமுன் சிற்றன்னையின் குரல் குறுக்கிடுகிறது; சொல்லிக்கொண்டிருந்த தொடர் பாதியில் நின்றுவிடுகிறது. விரட்டப்பட்ட இருவரும் வழியோரத்தில் அமர்கின்றனர். எவரும் முறுவலிக்கக் கண்டிராத எல்ஸ் அப்போது மெல்ல முறுவலித்து, தான் அச்சிறு விளக்கைக் கண்டுவிட்டதாகத் தமக்கையிடம் கூறுகிறாள். பின் இருவரும் மௌனமாகின்றனர். கதையும் முடிகிறது.

விளக்கை அவளுக்கு யார் காட்டினர்? எவரும் காட்டிலர். கிடைத்த சில கணங்களில் அவளே அதனைத் தேடிக் கண்டாள். பொம்மை வீட்டைக் கண்டோர் பலர். அதன் உயிர்ப்பொருளை உணர்ந்தோர் இருவரே. அவ்விருவருள் ஒருத்தி, காணத் தகாதவள் எனத் தள்ளப்பட்டவள்.

விளக்கு என்றால் நம்பிக்கை என்று ஒரு சொல்லில் பொருள் எழுதிவைத்து நூலை மூடிவிடுதல் ஆராய்ச்சி ஆகாது. எல்ஸ் விளக்கைக் கண்டாள் என்பது மெய். அவளுக்கு வாயில் அடைபட்டது என்பதும் மெய். மறுநாள் பள்ளியில் அவள் மீண்டும் புறத்தேதான் நிற்றல் கூடும். அவளுடைய மகிழ்ச்சி அக்கொடுமையை நீக்கிவிடவில்லை. அக்கொடுமையாலும் அம்மகிழ்ச்சியைப் பறிக்க இயலவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே உணர்பவரே கதையை முழுமையாகக் கற்றவர். அங்ஙனம் கற்றவர், தம் வகுப்பிலும் கூட்டத்திற்குப் புறத்தே நிற்பவர் எவரேனும் உளரோ என ஒருமுறை திரும்பிப் பார்ப்பர்.