வண்டி ஷெட்டில் வெளிச்சமும் அலமாரியும்

திருவண்ணாமலையில் வீட்டை ஒட்டி ஷெட் இறக்குகிறவர்கள் பலர், கூரையும் ஷட்டரும் போட்டதோடு விட்டுவிடுகிறார்கள். விளக்கு, பிளக், அலமாரி எல்லாவற்றையும் சுவர் பூசும் முன்பே முடிவு செய்யுங்கள்.

விளக்கை நடுவில் மாட்டினால் வெளிச்சமெல்லாம் காரின் தலையில்தான் விழும். பானெட்டைத் திறந்து குனிந்தால் உங்கள் நிழலே மறைக்கும். 4 அடி, 20 வாட் எல்இடி டியூப் இரண்டை, வண்டிக்கு இருபக்கமும் ஒவ்வொன்றாக, சுவரிலிருந்து ஓரடி தள்ளி மாட்டுங்கள். சுவருக்கு வெள்ளை அடித்தால் வெளிச்சம் இன்னும் கூடும்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் 16 ஆம்பியர் பிளக், தனி எம்சிபி, நல்ல எர்த் வேண்டும். ஈரத்தரையில் நின்று வண்டி கழுவும் இடம் இது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே பார்க்காதீர்கள்.

அலமாரிக்குக் கடப்பாக்கல் போதும். கரையான் அரிக்காது, துருப்பிடிக்காது. பேட்டரி ஆசிட் பட்டால் மட்டும் கல் அரித்துவிடும். பழைய பேட்டரியை பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்தால், ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வந்தாலும் சாமான் நனையாது.

தீபத்துக்கு விருந்தாளிகள் வரும்போது மட்டும் எடுக்கிற அண்டா, பாய் எல்லாம் பரணுக்குப் போகலாம். பெயிண்ட், தின்னர் கூடாது. தகரக் கூரை சித்திரை வெயிலில் தகிக்கும். சார்ஜர் இருக்கும் ஷெட்டில் பெட்ரோல் கேனுக்கு இடமே இல்லை.