புல்லால் ஒரு பாலம்

நுழையும்முன்

இரும்பும் சிமெண்டும் ஆறுகளைக் கடக்க உதவும் இக்காலத்திலும், ஆண்டுதோறும் புல்லைத் திரித்துப் பாலம் கட்டும் மக்கள் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் வாழ்கின்றனர். அவர்கள் வாழும் கானாஸ் மாகாணத்தின் நிலத்தையும் உழைப்பையும் மொழியையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

மேட்டுநிலம்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி, ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் நீளத்திற்கு வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது ஆண்டிஸ் மலைத்தொடர். அதன் நடுப்பகுதியில் பெரு நாட்டின் குஸ்கோ மாநிலம் அமைந்துள்ளது. அம்மாநிலத்தின் 13 மாகாணங்களுள் ஒன்று கானாஸ். இதன் தலைமையிடமான யனாவோக்கா, கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வளவு உயரம் என்றவுடன் பாறைச் சிகரம் ஒன்று மனக்கண்ணில் தோன்றக்கூடும். உண்மையில் அது உழவும் மேய்ச்சலும் நடைபெறும் மேட்டுநிலம். இத்தகைய உயர்ந்த புல்வெளியைப் 'பூனா' என்பர். அங்கு மரங்கள் அரிது. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மஞ்சள் நிறப் புல்லே காட்சி தரும். காற்றில் உயிர்வளி குறைவாதலால், சமவெளியிலிருந்து செல்வோர் சிறிது தூரம் நடப்பதற்குள் மூச்சு வாங்கி நிற்பர்.

நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே இருப்பதால் இங்கு ஜூன், ஜூலைத் திங்கள்களே கடுங்குளிர்க் காலம். பகலில் வெயில் சுடும். இரவில் நீர் உறையும். இந்நிலத்தில் நெல்லும் கரும்பும் விளையா. உருளைக்கிழங்கு, கினுவா, வாற்கோதுமை, மொச்சையினப் பயறு ஆகியவையே விளைகின்றன. ஆடும் மாடும் அல்பாக்காவும் லாமாவும் மேய்கின்றன. இன்று நம் அடுக்களையில் அன்றாடம் புழங்கும் உருளைக்கிழங்கின் தாயகம் ஆண்டிஸ் மலைகளே என்பது நினைக்கத்தக்கது.

குளிர்காலத்தில் இம்மக்கள் செய்யும் 'சுன்யோ' என்னும் உணவுப்பொருள் வியப்பிற்குரியது. அறுவடை செய்த கிழங்குகளை இரவில் திறந்தவெளியில் பரப்பி உறையவிடுவர். மறுநாள் வெயிலில் அவை இளகும்போது காலால் மிதித்து நீரை வெளியேற்றுவர். இவ்வாறு சில நாள்கள் செய்து உலர்த்தியபின், கிழங்கு கூழாங்கல்போல் கெட்டியாகி எடை குறைந்துவிடும். அது பல ஆண்டுகள் கெடாது. பயிரைக் கருக்கும் உறைபனியையே பதப்படுத்தும் கருவியாக்கிய அறிவு, எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறந்ததன்று.

தெரிந்து தெளிவோம்

ஒரு குடும்பத்தின் வயல்வேலைக்கோ வீடு கட்டும் பணிக்கோ மற்றொரு குடும்பம் உழைப்பைத் தந்து, பின்னர் அதே அளவு உழைப்பைத் திரும்பப் பெறும் முறைக்கு 'அய்னி' என்று பெயர். இதில் பணம் கைமாறுவதில்லை. ஆயினும் இதை இரக்கத்தால் செய்யும் உதவியாகக் கருதிவிடலாகாது. யார் யாருக்கு எத்தனை நாள் உழைத்தார் என்னும் கணக்கு ஊரார் நினைவில் உறுதியாக இருக்கும்.

தடைசெய்யப்பட்ட மொழி

ஸ்பானியர் ஆட்சியில் இம்மக்கள் தொலைவிலிருந்த பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்தில் கட்டாய உழைப்பிற்கு அனுப்பப்பட்டனர். தேவையற்ற பொருள்களையும் அதிகாரிகள் அவர்கள்மீது திணித்து விலை வசூலித்தனர். கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி வாணிகம் செய்தவரும் ஊர்த்தலைவருமான ஹோசே கப்ரியேல் கொந்தோர்கான்கி இதை எதிர்த்தார். இவர் இன்றைய கானாஸ் மாகாணத்திலுள்ள சுரிமானாவில் பிறந்தவர். 1572இல் ஸ்பானியரால் கொல்லப்பட்ட கடைசி இன்கா மன்னரின் பெயரை ஏற்று, இரண்டாம் துபாக் அமாரு என அழைக்கப்பட்டார். 1780 நவம்பர் 4 அன்று கொடுமை இழைத்த அதிகாரி ஒருவரைச் சிறைப்பிடித்துப் புரட்சியைத் தொடங்கினார். அவருடைய மனைவி மிக்காயேலா பாஸ்திதாஸ் படைக்கு உணவும் ஆளும் திரட்டியதோடு, போர் உத்திகளிலும் அறிவுரை கூறினார். புரட்சி ஒடுக்கப்பட்டது. 1781 மே 18 அன்று குஸ்கோ நகரச் சதுக்கத்தில் இருவரும் கொல்லப்பட்டனர்.

அத்துடன் ஆட்சியாளரின் சினம் தணியவில்லை. இன்கா மரபு உடைகளும் ஓவியங்களும் தடைசெய்யப்பட்டன. கெச்சுவா மொழியை விடுத்து ஸ்பானியமே பேச வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. ஆனால் வயலிலும் அடுப்படியிலும் வழங்கும் மொழியை ஆணையால் அழிக்க இயலவில்லை. 1975இல் பெரு அரசு கெச்சுவாவை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. கானாஸ் மக்களுள் பெரும்பாலோர்க்கு இன்றும் அதுவே தாய்மொழி.

கெச்சுவா, தமிழைப் போலவே வேர்ச்சொல்லுடன் ஒட்டுகள் சேர்ந்து பொருள் விரியும் ஒட்டுநிலை மொழி. ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிப்பதைத் தமிழ் 'நாம்', 'நாங்கள்' எனப் பிரித்துக் கூறுவதுபோல், குஸ்கோ வட்டாரக் கெச்சுவாவும் 'நொக்கஞ்சிஸ்', 'நொக்கய்க்கு' எனப் பிரித்துக் கூறும். இரண்டிற்கும் இன உறவு இருப்பதாக இதனால் முடிவுகட்டலாகாது. எனினும் கேட்பவரையும் உளப்படுத்தும் 'நாம்' என்னும் சொல், இம்மக்களின் வாழ்வில் எவ்வளவு ஆழமானது என்பதைப் பாலம் கட்டும் நாள்களில் காணலாம்.

நான்கு ஊர்கள், ஒரு பாலம்

கானாசின் கெகுவே வட்டாரத்தில் அபுரிமாக் ஆறு ஆழமான பள்ளத்தாக்கில் பாய்கிறது. இதன் நீர் அமேசானில் கலந்து அட்லாண்டிக் பெருங்கடலை அடைகிறது. இவ்வாற்றின்மேல் சுமார் 28 மீட்டர் நீளத்திற்குத் தொங்குவதே கெஸ்வாச்சாக்கா பாலம். இன்கா பேரரசின் நெடுஞ்சாலைகளில் இத்தகைய புற்கயிற்றுப் பாலங்கள் பல இருந்தன. அம்மரபை இன்றும் ஆண்டுதோறும் புதுப்பித்துவருவோர் உவின்சிரி, சௌபிபாண்டா, சொக்காய்குவா, கொய்யானா கெகுவே ஆகிய நான்கு ஊரார்.

ஜூன் திங்களில் இப்பணி நடைபெறும். ஒவ்வொரு குடும்பமும் 'கோயா' என்னும் உறுதியான புல்லை அறுத்து, சுமார் 70 மீட்டர் நீளமுள்ள மெல்லிய கயிறாகத் திரித்துக் கொண்டுவர வேண்டும். மெல்லிய கயிறுகளை ஒன்றாக முறுக்கிப் பெருங்கயிறாக்குவர். பெருங்கயிறுகளைப் பின்னி வடமாக்குவர். நான்கு வடங்கள் நடைதளத்திற்கு; இரண்டு கைப்பிடிக்கு. வடங்களை இழுத்துப் பழைய கல்மேடைகளில் கட்டுவதற்கு ஊர் ஆண்கள் அனைவரின் வலிமையும் தேவை. பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிடுவர். புல்லாதலால் அது மட்கிப்போகும். பின்னர், பாலம் கட்டுவதில் தேர்ந்த 'சாக்காருவாக்' எனப்படுவோர் இரு கரைகளிலிருந்தும் தொடங்கி, அந்தரத்தில் அமர்ந்து கைப்பிடி வடங்களையும் நடைதளத்தையும் கயிறுகளால் பிணைத்துக்கொண்டே நடுவில் வந்து சந்திப்பர். மரபுப்படி பெண்கள் பாலத்தின் அருகே செல்வதில்லை. மேட்டில் அமர்ந்து கயிறு திரிப்பர். அவர்கள் திரிக்கும் கயிறின்றிப் பாலமே இல்லை. மூன்று நாள் உழைப்பிற்குப்பின் நான்காம் நாள் விழா.

அருகிலேயே வாகனங்கள் செல்லும் வேறொரு பாலம் இருக்கிறது. எனவே ஆற்றைக் கடக்கப் புற்பாலம் இன்றியமையாதது அன்று. ஆயினும் கட்டுகின்றனர். 2013இல் யுனெஸ்கோ இம்மரபை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமையாக அறிவித்தது. பாலத்தைக் காணப் பயணிகள் வருகின்றனர். இளையோரோ வேலை தேடிக் குஸ்கோ, அரெக்கிப்பா நகரங்களுக்குச் செல்கின்றனர். கயிறு முறுக்கும் கலையை ஏட்டில் எழுதி வைத்தால் போதாது. முறுக்கும் கைகளுக்கு அருகில் இருந்தே கற்க வேண்டும்.

2020இல் பெருந்தொற்றால் பாலம் புதுப்பிக்கப்படவில்லை. ஓராண்டுக் காலமே தாங்கவல்ல புல் மழையில் நைந்தது. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அவ்வாண்டு ஜூனில் நான்கு ஊராரும் புற்கட்டுகளுடன் இரு கரைகளிலும் கூடினர். மீண்டும் வடங்கள் ஆற்றைக் கடந்தன.