ஆறாம் எண்

தன்னாலும் ஒன்றாலும் அன்றிப் பிற எண்ணால் மீதியின்றி வகுபடாத எண், பகா எண் எனப்படும். இரண்டின் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என்பன தோன்றும். இவ்வைந்தும் பகா எண்களே. இவ்வரிசையில் மேல்வருவனவும் அத்தகையனவே என்று பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா 1640இல் கருதினார்.

ஆறாவதாக வருவது 429,49,67,297. இதனை 641 மீதியின்றி வகுக்கும் என 1732இல் ஆய்லர் என்னும் அறிஞர் காட்டினார், ஈவு 67,00,417. இதன் காரணிகள் யாவும் 64இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவினவே என்பதையும் அவர் பின்னர் நிறுவினார். அவ்வழிச் செல்வோர் வகுத்துப் பார்க்க வேண்டிய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என ஐந்தே.

ஐந்து சான்றுகள் நம்பிக்கையை ஊட்டலாம், நிறுவுதல் ஆகா. பெரியோர் கூற்றாயினும் ஆராய்ந்து தெளிதலே அறிவுடைமையாம்.