பழைய வாகனத்தின் எஞ்சினும் கியர்ப்பெட்டியும்: சீரமைப்பதா, மாற்றுவதா, கைவிடுவதா?

ஸ்காபரோ போன்ற பகுதிகளில் இரவு நேர வேலைக்குச் செல்வோருக்கும், பிள்ளைகளையும் முதியோரையும் ஏற்றி இறக்குவோருக்கும் வாகனம் ஓர் ஆடம்பரப் பொருளன்று. வாகனம் நின்றால் மறுநாள் வருமானமும் நிற்கும். எனவே 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடிய வாகனத்தின் எஞ்சினோ கியர்ப்பெட்டியோ பழுதடையும்போது, பெரும்பாலோர் அவசரத்திலும் கவலையிலும் முடிவெடுக்கின்றனர். அம்முடிவை ஒழுங்காக எடுப்பதற்குரிய படிகளையும், ஒன்ராறியோச் சட்டம் வாகன உரிமையாளருக்கு வழங்கும் பாதுகாப்புகளையும் இப்பாடம் விளக்குகிறது.

1. முதலில் நோயை அறிதல்

"எஞ்சின் போய்விட்டது" என்பது ஒரு முடிவே தவிர, பரிசோதனை அன்று. எஞ்சினைப் பொறுத்தவரை, ஒவ்வொரு சிலிண்டரிலும் உள்ள அமுக்கத்தை அளத்தல், அமுக்கம் எவ்வழியாகக் கசிகிறது என்று பார்த்தல், எண்ணெய் அழுத்தத்தை அளத்தல், எண்ணெயும் குளிரூட்டும் திரவமும் ஒன்றோடொன்று கலந்துள்ளனவா என்று பார்த்தல் ஆகியவை அடிப்படைப் பரிசோதனைகளாகும். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைபாடு இருப்பின், வால்வையோ தலைப்பகுதியின் கஸ்கற்றையோ மாற்றுவதே போதுமானதாக இருக்கலாம். எல்லாச் சிலிண்டர்களும் தேய்ந்து, எண்ணெய் அழுத்தமும் குறைந்திருப்பின், எஞ்சின் உள்ளே முழுமையாகத் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கியர்ப்பெட்டிக்கும் இதுவே விதி. திரவத்தின் அளவு குறைந்தாலும், மின்வழி இயங்கும் வால்வு ஒன்று பழுதானாலும் கியர் சரியாக விழாது. இவை ஒப்பளவில் சிறு செலவில் தீரக்கூடியவை. திரவம் கருகிய மணத்துடன் கறுத்து, அதில் உலோகத் துகள்களும் காணப்பட்டால் உள்ளே சேதம் உண்டு.

பழுதின் காரணத்தையும் கேட்டறிய வேண்டும். கசியும் ரேடியேற்றரால் சூடேறிக் கெட்ட எஞ்சினை மாற்றிவிட்டு, அந்த ரேடியேற்றரை அப்படியே விட்டால் புதிய எஞ்சினும் அதே வழியிலேயே போகும். கியர்ப்பெட்டி உடைந்த வாகனத்தில், அதன் திரவத்தைக் குளிரச் செய்யும் குழாய்களில் உலோகத் துகள் தங்கியிருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யாமல் வேறு கியர்ப்பெட்டியைப் பொருத்துவது வீண்செலவு.

2. உடற்பகுதியைச் சோதித்தல்

ரொறன்ரோவில் பனிக்காலம் முழுவதும் வீதிகளில் உப்பு தூவப்படுகிறது. அதனால் இங்கு பல வாகனங்களின் ஆயுளை எஞ்சினைவிடத் துருவே தீர்மானிக்கிறது. எஞ்சினுக்குப் பணம் செலுத்துமுன் வாகனத்தை உயர்த்தி, அடிச்சட்டகம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், பிரேக் குழாய்கள், எரிபொருள் குழாய்கள் ஆகியவற்றைக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். அடிச்சட்டகம் துருவால் துளைபட்டிருப்பின், எஞ்சினைப் பற்றிய கேள்வி அத்துடன் முடிந்துவிடுகிறது. அத்தகைய வாகனத்தைப் பிற்பாடு விற்க நினைத்தாலும், அதைப் புதிய உரிமையாளர் வீதியில் ஓட்டுவதற்குத் தேவையான பாதுகாப்புத் தரச் சான்றிதழ் கிடைப்பது அரிது.

எஞ்சின், கியர்ப்பெட்டி இரண்டையும் சேர்த்தே ஆராய்தல் நன்று. பல முன்சக்கர இயக்க வாகனங்களில் ஒன்றைக் கழற்றும்போது மற்றதும் கழற்றப்படுகிறது. கியர்ப்பெட்டியும் நோயுற்றிருப்பின், எஞ்சினை மட்டும் மாற்றுவது பாதி மருத்துவமே. சில மாதங்களில் அதே கூலியை மீண்டும் செலுத்த நேரிடும்.

3. நான்கு வழிகள்

முதலாவது, பழுதடைந்த பகுதியை மட்டும் திருத்துதல். இரண்டாவது, சொந்த எஞ்சினையே பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து, பிஸ்டன் வளையங்களையும் பெயரிங்குகளையும் மாற்றிச் சீரமைத்தல். இதில் தரம் முழுவதும் அவ்வேலையைச் செய்பவரின் திறமையைப் பொறுத்தது, நாட்களும் கூடுதலாகும். மூன்றாவது, தொழிற்சாலையில் மறுசீரமைக்கப்பட்ட எஞ்சினையோ கியர்ப்பெட்டியையோ பொருத்துதல். இது பெரும்பாலும் விலை கூடியது. ஆயினும் எழுத்திலான உத்தரவாதத்துடன் வருவது வழக்கம். நான்காவது, விபத்துக்குள்ளான வாகனத்திலிருந்து கழற்றிய, பாவித்த எஞ்சினை வாங்குதல். இது மலிவு. ஆனால் அந்த எஞ்சின் எவ்வளவு தூரம் ஓடியது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் கேட்க வேண்டும்.

4. கணக்கிடும் முறை

"வாகனத்தின் பெறுமதியைவிடத் திருத்தச் செலவு கூடினால் திருத்தக்கூடாது" என்று பலர் சொல்வர். இந்த அளவுகோல் போதாது. வாகனத்தை விற்றால் என்ன கிடைக்கும் என்பதைவிட, அதே பயனை வேறு வாகனத்திலிருந்து பெற எவ்வளவு செலவாகும் என்பதே கேள்வி. அதனால் மாதக் கணக்கில் ஒப்பிடுதல் வேண்டும். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை மட்டுமே.

சீரமைத்தல்: எஞ்சினுக்கு 6,000 டொலர், பிரேக் முதலிய நிலுவை வேலைகளுக்கு 1,000 டொலர், 13 சதவீத வரியுடன் மொத்தம் 7,910 டொலர். இறுதியில் பழைய இரும்பாகக் கிடைப்பது 800 டொலர் எனின், நிகரச் செலவு 7,110 டொலர். வாகனம் 36 மாதங்கள் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 198 டொலர்.

மாற்றுதல்: 14,000 டொலர் விலையுள்ள பாவித்த வாகனம், வரியுடன் 15,820 டொலர். கடன் வட்டி 2,400 டொலரைக் கூட்டி, பழைய வாகனத்துக்குக் கிடைக்கும் 800 டொலரையும், 60 மாதங்களின் பின் விற்பனையில் கிடைக்கக்கூடிய 4,000 டொலரையும் கழித்தால் 13,420 டொலர். மாதத்துக்கு ஏறத்தாழ 224 டொலர். காப்புறுதிக் கட்டணம் உயருமாயின் அதையும் சேர்க்க வேண்டும்.

முதல் பார்வையில் சீரமைத்தலே இலாபம். ஆனால் துருவினால் அவ்வாகனம் 18 மாதங்களில் நின்றுவிட்டால் மாதச் செலவு 395 டொலராகிறது. இந்த எடுத்துக்காட்டில் ஏறத்தாழ 32 மாதங்கள் ஓடினாலன்றிச் சீரமைத்தல் பயன் தராது. ஆகவே முடிவைத் தீர்மானிக்கும் எண் எஞ்சினின் விலை மட்டுமன்று, மீதமுள்ள மாதங்களும்தான். சென்ற ஆண்டு செலவழித்த பணம் திரும்பி வராது. அதைக் காரணமாகக் காட்டி மேலும் செலவழிப்பது சரியன்று.

5. சட்டம் தரும் பாதுகாப்பு

ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கராஜ் உரிமையாளர் வேலையைத் தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். நுகர்வோர் மதிப்பீடு வேண்டாம் என்று கூறி உச்சத் தொகை ஒன்றுக்கு அனுமதி தந்திருந்தால், அத்தொகையைக் கடக்கலாகாது. மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கட்டணம் அறவிட முடியாது. மதிப்பிடுவதற்குக் கட்டணம் உண்டெனில் அதையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எஞ்சினைப் பிரித்த பின்னரே முழுச் சேதமும் தெரியவரும் என்பதால், பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு மதிப்பீடும், சீரமைப்பதற்கு மற்றொரு மதிப்பீடும் கேட்பது நலம்.

ஒவ்வொரு பாகமும் புதியதா, பாவித்ததா, மறுசீரமைக்கப்பட்டதா என்பது மதிப்பீட்டில் குறிக்கப்பட வேண்டும். இச்சொற்கள் முக்கியமானவை. புதிய பாகங்களுக்கும் மறுசீரமைக்கப்பட்ட பாகங்களுக்கும், அவற்றைப் பொருத்திய கூலிக்கும் குறைந்தது 90 நாட்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை, சட்டம் உத்தரவாதம் அளிக்கிறது. பாவித்த எஞ்சின் இச்சொற்களுள் அடங்குவதில்லை. வேலை நியாயமான தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொதுவிதி பொருந்தினாலும், பாவித்த எஞ்சின் இரண்டாம் வாரத்தில் நின்றால் அதை மாற்றுவதற்கான கூலியை யார் ஏற்பது என்பதை முன்னரே எழுத்தில் பெற வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்கும் உரிமையும் நுகர்வோருக்கு உண்டு.

கட்டணத்தில் தகராறு ஏற்பட்டால், பணம் செலுத்தப்படும்வரை வாகனத்தைத் தம்மிடம் வைத்திருக்கும் உரிமையைப் பழுதுபார்த்தவருக்கு வேறொரு சட்டம் வழங்குகிறது. அந்நிலையில் உரிமையாளர் சிறு கோரிக்கைகள் நீதிமன்றத்தை அணுகி, கோரப்படும் தொகையை நீதிமன்றத்தில் செலுத்தி வாகனத்தை மீட்க வழியுண்டு. சாவியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் வாகனத்தைக் கொண்டுவருவது ஏற்றதன்று.

6. மாற்றுவதென முடிவானால்

தனியாரிடம் வாங்குவோர் பாவித்த வாகனத் தகவல் பொதியைக் கேட்டு வாங்க வேண்டும். வாகனத்தின் மீது பதிவான கடன்கள் அதில் காட்டப்படும். விற்பனை முகவரிடம் வாங்குவோர், அவர் 'ஓம்விக்' அமைப்பில் பதிவு பெற்றவரா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

பழைய வாகனத்தை விற்கும்போது இலக்கத் தகடுகளைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்ராறியோவில் அவை உரிமையாளருக்கே உரியவை. முடிவெடுக்கும்வரை வாகனத்தைத் தெருவில் விட்டுவைக்கலாகாது. அறிவிப்புப் பலகை இல்லாத தெருக்களிலும் ரொறன்ரோவில் 3 மணி நேரத்துக்கு மேல் நிறுத்துவதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. இது குறித்த விவரங்களை 311 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் தமிழிலேயே கேட்டறியலாம்.

மீட்டல் வினாக்கள்

1. பழுதின் காரணம் பரிசோதனையால் உறுதி செய்யப்பட்டதா?
2. அடிச்சட்டகம் இன்னும் எத்தனை பனிக்காலங்களைத் தாங்கும்?
3. கியர்ப்பெட்டியும் எஞ்சினும் ஒருசேரச் சோதிக்கப்பட்டனவா?
4. மாதச் செலவு இரு வழிகளுக்கும் கணக்கிடப்பட்டதா?
5. பாகம் புதியதா, பாவித்ததா, மறுசீரமைக்கப்பட்டதா என்பதும் உத்தரவாதமும் எழுத்தில் உள்ளனவா?

இவ்வைந்துக்கும் விடை கிடைக்கும்வரை முற்பணம் கொடாதிருத்தல் நன்று.